நிறுவனம் கைமாறியபின் புதிய நியமனக் கடிதம்: பழைய 11 ஆண்டுப் பணி என்னவாகும்?

கேள்வி
எழுதியவர்: கோவை சர்வீஸ் பொறியாளர்

அனைவருக்கும் வணக்கம். கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி ஆகிய நான்கு மாவட்ட மருத்துவமனைகளிலும் வென்டிலேட்டர்களையும் அனஸ்தீசியா மெஷின்களையும் பராமரிக்கும் சர்வீஸ் பொறியாளராக ஒரு மருத்துவக் கருவி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வரும் மார்ச் மாதத்தோடு 11 ஆண்டு 9 மாதம் நிறைகிறது. எங்களுடைய வெளிநாட்டுத் தாய் நிறுவனத்தை, இதே கருவிகளை விற்று எங்களுக்குப் போட்டியாக இருந்த இன்னொரு பன்னாட்டு நிறுவனம் சென்ற ஆண்டு வாங்கிவிட்டது. செய்தி வந்த அன்று, எங்கள் அன்றாட வேலையில் எந்த மாற்றமும் இராது என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்கள். அதன்பின் ஏழு மாதமாக யாரும் எதுவும் சொல்லவில்லை. இடையில் சென்னை அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் நான்கு பேரும் பெங்களூருக் கிடங்கில் இரண்டு பேரும் வேலையை விட்டு நின்றுவிட்டதாகக் காதில் விழுந்தது. அவர்களாக நின்றார்களா, நிற்கச் சொன்னார்களா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

இந்த வாரம் திங்கட்கிழமை எல்லோருக்கும் புதிய நியமனக் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும் என்கிறார்கள். சம்பளம் பழையபடியே இருக்கிறது, பதவியின் பெயர்கூட ஒரு படி உயர்ந்திருக்கிறது. ஆனால் பணியில் சேர்ந்த நாள் என்ற இடத்தில் வரும் ஏப்ரல் 1 என்று போட்டிருக்கிறார்கள். அதோடு, பழைய பணியிலிருந்து என் சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன் என்று ஒரு பக்கம் தனியாக இணைக்கப்பட்டிருக்கிறது. எச்.ஆர். மேலாளரிடம் தொலைபேசியில் கேட்டேன். அது வெறும் நடைமுறைதான் என்றும், மற்றவர்கள் எல்லோரும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னார்.

எனக்கு உறக்கம் போனது இதனால் மட்டுமல்ல. எங்களை வாங்கிய நிறுவனத்துக்கும் கோவையில் ஒரு சர்வீஸ் பொறியாளர் இருக்கிறார், கணபதிப் பகுதியில் குடியிருக்கிறார். அவருக்கும் இதே நான்கு மாவட்டங்கள்தான். ஒரே மருத்துவமனையின் ஐ.சி.யு.வில் நாங்கள் பலமுறை எதிரெதிரே வேலை பார்த்திருக்கிறோம். சென்ற வாரம் பெருந்துறை சாலையில் உள்ள ஒரு மருத்துவமனையில், ஆக்ஸிஜன் அளவை உணரும் செல்லை மாற்றிவிட்டு, டெஸ்ட் லங் என்ற சோதனைப் பையை மாட்டி, அது உப்பி அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த படுக்கையருகே அவரும் தம் மெஷினில் அதையே செய்துகொண்டிருந்தார். வேலை முடிந்து கீழே டீக்கடைக்கு வந்ததும், “ஏனுங்க, உங்கள்ல ஆரெல்லாம் இருப்பாங்கன்னு ஏதாச்சும் சொன்னாங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். இரண்டு பேருக்கு இருந்த வேலை இனி ஒருவருக்குத்தான் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்வரை வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

சரவணம்பட்டியில் வாங்கிய வீட்டுக்கு இன்னும் 13 ஆண்டுத் தவணை இருக்கிறது. கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் அப்பாவுக்கு இரண்டு ஆண்டுக்கு முன் ஸ்டென்ட் வைத்தபோது நிறுவனத்தின் குழுக் காப்பீடுதான் செலவை ஏற்றது. மனைவியிடம் கடிதம் வந்ததை மட்டும் சொன்னேன், தேதியைச் சொல்லவில்லை. கையெழுத்திட்டால் என் 11 ஆண்டு போய்விடுமா? இடாவிட்டால் அதையே காரணமாக வைத்து என்னை நீக்கிவிடுவார்களா? ஆட்குறைப்புப் பட்டியல் வருமுன் நானே வேறு இடம் பார்த்து விலகிக்கொள்வது நல்லதா? அனுபவப்பட்டவர்கள் வழி காட்டினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1
எழுதியவர்: ஈரோட்டு முன்னாள் இம்பிளான்ட் விற்பனையாளர்

வணக்கம் தம்பி. உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் நான் தவறினேன்.

நான் எலும்பு இம்பிளான்ட் விற்பனையில் ஒன்பது ஆண்டு இருந்தேன். எங்கள் நிறுவனமும் இப்படித்தான் கைமாறியது. அவிநாசி சாலையில் ஒரு ஓட்டலில் கூட்டம் என்று அழைத்தார்கள். இரண்டாம் மாடி அறைக்குள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். உள்ளே போனவர் பின் வாசல் வழியாகப் போனாரோ என்னவோ, எங்களிடம் திரும்பி வரவில்லை. என் முறை வந்தபோது மேசையின் ஓரத்தில் ஆறு லேப்டாப்புகள் அடுக்கியிருந்தன. ஒன்றின் மூடியில் ஒட்டியிருந்த முருகன் படத்தைப் பார்த்ததும் அது கரூர்ப் பகுதி நண்பருடையது என்று அடையாளம் தெரிந்துவிட்டது. நீக்கினார்கள் என்று பெயர் எடுப்பதைவிட நானாக விலகியதாக எழுதிக் கொடுத்தால் அடுத்த வேலை எளிதாகக் கிடைக்கும் என்றார்கள். மூன்று மாதச் சம்பளம் கருணைத் தொகையாக வரும் என்றார்கள். பத்து நிமிடத்தில் கையெழுத்திட்டேன். தொகை வந்தது, அதில் குறை இல்லை. ஆனால் ஆட்குறைப்பு என்று அவர்களே எழுதியிருந்தால் சட்டப்படி வந்திருக்க வேண்டிய ஈட்டுத்தொகை, விலகல் கடிதம் கொடுத்ததால் எனக்கு இல்லை என்றாகிவிட்டது. ஆகவே பட்டியல் வருமுன் விலகுவதை, கையில் வேறு வேலைக்கான கடிதம் இல்லாமல் செய்யாதீர்கள்.

யாரை நிறுத்துவார்கள் என்பது பற்றி நான் பார்த்ததையும் சொல்ல வேண்டும். வாங்கும் நிறுவனம், இணைப்பினால் ஆண்டுக்கு இத்தனை கோடி மிச்சமாகும் என்று தன் பங்குதாரர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறது. அந்தத் தொகையை அதன்பின் தேடி எடுத்தாக வேண்டும். இரண்டு கணக்குப் பிரிவு, இரண்டு கிடங்கு, இரண்டு எச்.ஆர். என்று இரட்டையாக இருப்பவையே முதலில் கண்ணில் படும். அடுத்தது ஒரே டெரிட்டரியில் ஒரே மருத்துவரைப் பார்க்கும் இரண்டு விற்பனையாளர்கள். பொருளே போய்விடுவதும் உண்டு. 2015இல் மெட்ரானிக் நிறுவனம் கோவிடியனை வாங்கியபோது, இரத்தக்குழாய் அடைப்பை விரிக்கும், மருந்து பூசிய பலூன் கதீட்டர் பிரிவை விற்றுவிட வேண்டும் என்று அமெரிக்கப் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் நிபந்தனை விதித்தது. அது ஸ்பெக்ட்ரனெடிக்ஸ் என்ற வேறொரு நிறுவனத்துக்குப் போனது. 2017இல் அபாட் நிறுவனம் செயின்ட் ஜூட் மெடிக்கலை வாங்கியபோதும், இரத்தக்குழாய்த் துளையை மூடும் கருவி உட்பட இரண்டு பிரிவுகளை ஜப்பானின் டெருமோவுக்குக் கொடுக்க நேர்ந்தது. அப்படி விற்கப்படும் பிரிவில் இருப்பவருடைய கதை, இணையும் பிரிவில் இருப்பவருடைய கதையிலிருந்து முற்றிலும் வேறாகிவிடும். உங்கள் வென்டிலேட்டர் பிரிவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. ஏழு மாதம் யாரும் பேசவில்லை என்பதை வஞ்சகம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். நம் நாட்டிலும் பெரிய இணைப்புகளுக்குப் போட்டி ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அதற்கான உச்சவரம்பு 210 நாளிலிருந்து 150 நாளாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. ஒப்புதல் வரும்வரை இரு நிறுவனங்களும் தனித்தனியாகவே இயங்க வேண்டும், ஒன்றின் ஆட்களைப் பற்றி மற்றொன்று முடிவெடுக்கக் கூடாது. எங்கள் ஏரியா மேனேஜருக்கே கடைசிவரை தெரியாது. அன்று ஓட்டலில் எனக்கு அடுத்து உள்ளே போனவர் அவர்தான்.

மறுமொழி 2
எழுதியவர்: கோவைத் தொழிலாளர் வழக்கறிஞர்

முழுக் கடிதத்தையும் பார்க்காமல் முடிவாகச் சொல்ல இயலாது என்றாலும், கேள்வியில் உள்ள விவரங்களை வைத்தே சிலவற்றை உறுதியாகச் சொல்லலாம்.

நிறுவனங்கள் கைமாறுவது பொதுவாக மூன்று வகையில் நடக்கிறது. வெளிநாட்டுத் தாய் நிறுவனத்தின் பங்குகளை இன்னொருவர் வாங்குவது முதல் வகை. இதில் இங்கே உங்களுக்குச் சம்பளம் கொடுக்கும் இந்திய நிறுவனம் அப்படியேதான் இருக்கிறது. முதலாளி மாறவில்லை என்பதால் புதிய நியமனக் கடிதத்துக்கே தேவை இல்லை. இரண்டாவது, இரண்டு இந்திய நிறுவனங்களும் 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் அனுமதியோடு ஒன்றாவது. அந்த இணைப்புத் திட்ட ஆவணத்தில், பணியாளர் அனைவரும் பணித் தொடர்ச்சி முறியாமலும் இப்போதைய நிபந்தனைகள் குறையாமலும் புதிய நிறுவனத்துக்கு வருவார்கள் என்ற பிரிவு வழக்கமாகவே இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். மூன்றாவது, தொழிலை மட்டும் விற்பது. இதில்தான் முதலாளி உண்மையிலேயே மாறுகிறார், பணியாளரின் ஒப்புதல் தேவைப்படுகிறது, இப்படிப்பட்ட கடிதங்களும் பெரும்பாலும் இதில்தான் வருகின்றன. உங்களுடையது எந்த வகை என்பதை அறிய, கடந்த ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளை எடுத்து, அவற்றிலுள்ள நிறுவனத்தின் பெயரையும் பி.எஃப். நிறுவன எண்ணையும் புதிய கடிதத்திலுள்ள பெயரோடு ஒப்பிடுங்கள்.

மூன்றாம் வகையாகவே இருந்தாலும் உங்கள் 11 ஆண்டைக் காக்கச் சட்டத்தில் இடம் உண்டு. பழைய தொழில் தகராறுகள் சட்டத்தில் 1957இல் திருத்தி எழுதப்பட்ட 25எஃப்எஃப் பிரிவு இதைத்தான் பேசியது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபின், தொழில் உறவுகள் தொகுப்பிலும் அதே பாதுகாப்பு தொடர்கிறது. பணி இடைமுறிவின்றித் தொடர வேண்டும், நிபந்தனைகள் முன்பைவிடக் குறையக் கூடாது, நாளை ஆட்குறைப்பு நேர்ந்தால் பழைய பணிக்காலத்தையும் சேர்த்து ஈட்டுத்தொகை தரும் பொறுப்பைப் புதிய முதலாளி ஏற்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும், தொழில் கைமாறியதையே ஆட்குறைப்பாகக் கொண்டு பழைய முதலாளியிடமிருந்து நோட்டீசும் ஈட்டுத்தொகையும் பெறும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. ஆனால் சொந்த விருப்பத்தில் விலகுகிறேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால், இந்தக் கதவை உள்ளிருந்து நீங்களே தாழிட்டதாகிவிடும். உங்களிடம் வந்திருக்கும் இரண்டு தாள்களில் எனக்கு அச்சம் தருவது நியமனக் கடிதம் அல்ல, கூட இணைத்திருக்கும் அந்த ஒற்றைப் பக்கம்தான்.

தொகையாகப் பார்த்தால் புரியும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 32,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 11 ஆண்டு 9 மாதம் என்பது ஆறு மாதத்துக்கு மேல் மீதி உள்ளதால் 12 ஆண்டாகக் கணக்கிடப்படும். மாதத்துக்கு 26 வேலைநாள், ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் 32,000ஐ 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து 12ஆல் பெருக்கினால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) 2,21,538 ரூபாய் வருகிறது. பழைய பணிக்குக் கணக்கை முடித்து அதை இப்போதே கையில் கொடுப்பதாக அவர்கள் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏப்ரல் 1 முதல் புதிதாகச் சேர்ந்தவர் என்றால் நிரந்தரப் பணியாளருக்கு அடுத்த பணிக்கொடை உரிமை வர மீண்டும் ஐந்து ஆண்டு ஆகும். ஆட்குறைப்பு ஈட்டுத்தொகையும் ஆண்டுக்கு 15 நாள் சராசரிச் சம்பளம் என்ற கணக்கில்தான் வருகிறது; அதுவும் சுழியத்திலிருந்து தொடங்கும். கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்ற விதியிலும், 11 ஆண்டுப் பணியாளரான நீங்கள் ஒரே கையெழுத்தில் கடைசியாகச் சேர்ந்தவராகிவிடுவீர்கள்.

பதவிப் பெயர் உயர்ந்திருப்பது பற்றியும் ஒரு சொல். கையால் கருவியைப் பழுதுபார்க்கும் தொழில்நுட்பப் பணி செய்பவர், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் தொழிலாளி என்ற வரையறைக்குள் வருவார். 18,000 ரூபாய் என்ற வரம்பு மேற்பார்வைப் பணி செய்பவருக்கு மட்டுமே. பெயரில் மேனேஜர் என்று இருப்பதால் மட்டும் அந்த உரிமை போகாது. எனினும் உங்கள் சர்வீஸ் ரிப்போர்ட்டுகளின் நகல்களைப் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் செய்தது என்ன வேலை என்பதற்கு அதைவிடச் சான்று இல்லை.

கையெழுத்து இட மாட்டேன் என்று நேரடியாக மறுக்க வேண்டாம், இப்படியே கையெழுத்திடவும் வேண்டாம். கடிதத்தைப் பெற்றுக்கொண்டேன், பணியைத் தொடர விருப்பமாக இருக்கிறேன், முதல் நியமன நாளையும் பணித் தொடர்ச்சியையும் குறிப்பிட்டுத் திருத்திய கடிதம் தந்தால் உடனே கையெழுத்திடுகிறேன், விலகல் கடிதத்துக்கான காரணத்தை எழுத்தில் தெரிவிக்கக் கோருகிறேன் என்று பணிவாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். விளக்கம் கேட்டதற்காக ஒருவரை நீக்கினால், அதை நியாயப்படுத்தும் சுமை அவர்கள் தலையில்தான் விழும்.

மறுமொழி 3
எழுதியவர்: சிங்காநல்லூர், மில் டைம் ஆபீசில் ஓய்வு பெற்றவர்

தம்பி, எனக்கு வயது 74. மருத்துவக் கருவி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பணியில் சேர்ந்த நாள் என்ற ஒரு வரிக்காக மனிதர்கள் பட்ட பாட்டை மில்லின் வருகைப் பதிவு அலுவலகத்தில் முப்பது ஆண்டு உட்கார்ந்து பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த மில் கைமாறியபோது புதிய நிர்வாகம் எல்லோருக்கும் புது டோக்கன், அதாவது தொழிலாளியின் எண் பொறித்த வில்லை, கொடுத்தது. பழைய பித்தளை டோக்கனைக் கேட்டில் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொள்ள வேண்டும். ரிஜிஸ்டரில் புது எண்ணுக்கு நேராகப் புதுத் தேதியை எழுதியவன் நான்தான். எழுதச் சொன்னார்கள், எழுதினேன். ஸ்பின்னிங்கில் ஒருவர் மட்டும் பழைய டோக்கன் தொலைந்துவிட்டதென்று இரண்டு ரூபாய் அபராதம் கட்டிப் புதியதை வாங்கிக்கொண்டார். எட்டு ஆண்டு கழித்துக் கணக்கு முடிக்கும்போது, அந்தப் பித்தளை வில்லையையும் பழைய சம்பளக் கார்டுகளையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு தொழிலாளர் நீதிமன்றத்துக்கு வந்தார். 19 ஆண்டுச் சேவை அவருக்கு ஒப்புக்கொள்ளப்பட்டது. அவரோடு அதே ரிங் பிரேமில் நின்ற மற்றவர்கள் எட்டு ஆண்டுக்கு மட்டுமே வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களில் இருவர் என் தெருவில்தான் இருந்தார்கள். நான் எழுதிய தேதிதான் அது என்பது எனக்கு இன்றும் நெஞ்சில் இருக்கிறது.

இன்று உங்களுக்கு எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. கம்பெனி லாகின் ஒரு நாள் காலையில் திறக்காவிட்டால் சம்பளச் சீட்டும் போய்விடும், அப்பாயிண்ட்மென்ட் ஆர்டரும் போய்விடும். இன்று இரவே எல்லாவற்றையும் அச்செடுத்து வீட்டில் வையுங்கள். முதல் ஆர்டர், ஒவ்வொரு இன்கிரிமென்ட் கடிதம், படிவம் 16, பி.எஃப். பாஸ்புக். மனைவியிடம் தேதியையும் சொல்லிவிடுங்கள் சாமி. காகிதம் எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுமொழி 4
எழுதியவர்: திருப்பூர், மருத்துவமனை பயோமெடிக்கல் துறை

வணக்கம் அண்ணா. நான் உங்களைப் போன்றவர்களைக் கூப்பிடும் பக்கத்தில் இருப்பவள். எங்கள் மருத்துவமனையில் இரு நிறுவனங்களின் வென்டிலேட்டர்களும் சேர்த்து 14 இருக்கின்றன. நிறுவனங்கள் ஒன்றானாலும் மெஷின்கள் ஒன்றாவதில்லை. ஒன்றின் சர்வீஸ் சாஃப்ட்வேர் மற்றொன்றில் திறக்காது, உதிரிப் பாகமும் பொருந்தாது. ஐந்து ஆண்டுக்கு சி.எம்.சி. (முழுப் பராமரிப்பு ஒப்பந்தம்) கட்டியிருக்கிறோம், அதை முறிக்க அவர்களால் முடியாது. மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்.ஏ.பி.எச். வாரியத்தின் ஆய்வுக்கு வருபவர்கள் ஒவ்வொரு மெஷினின் காலிப்ரேஷன் (அளவுச் சரிபார்ப்பு) பதிவையும் கேட்கிறார்கள். ஆகவே விற்பனையில் இரண்டில் ஒன்றைக் குறைப்பது போல சர்வீஸில் உடனே குறைக்க முடியாது என்பது என் கருத்து. கணபதி அண்ணனின் மெஷினை நீங்களும் உங்கள் மெஷினை அவரும் கற்றுக்கொள்ளும்வரையாவது இருவரும் தேவை. அந்தப் பயிற்சியை யாருக்கு முதலில் கொடுக்கிறார்கள் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் காப்பீடு பற்றி யாரும் எழுதாததால் சொல்கிறேன். வேலை போனால் குழுக் காப்பீடும் அன்றோடு முடியும். ஆனால் அதற்கு முன்பே விண்ணப்பித்தால், அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி உண்டு. குழுவில் இருந்த ஆண்டுகள் காத்திருப்புக் காலத்தில் கழியும். புதிதாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதம்வரை காத்திருக்க வைக்கலாம். ஸ்டென்ட் வைத்தவருக்கு அது மிக நீண்ட காலம். வேலை இருக்கும்போதே இதை விசாரித்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவரின் பதில்

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. வழக்கறிஞர் ஐயா சொன்னபடி சம்பளச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். பழைய கடிதத்திலும் சீட்டுகளிலும் இருப்பது எங்கள் இந்திய நிறுவனத்தின் பெயர். புதிய கடிதத்தில் இருப்பது வாங்கியவர்களின் இந்திய நிறுவனத்தின் பெயர். அப்படியானால் இது தாய் நிறுவனம் கைமாறியதோடு நிற்கவில்லை, இங்கேயும் முதலாளி மாறுகிறார் என்று புரிந்துகொள்கிறேன். மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தபோது மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் தம் தம்பியின் கடைக்குப் போய் 212 பக்கம் அச்செடுத்து வந்தார்.

சிங்காநல்லூர் ஐயா எழுதியதைப் படித்தபின் கணபதி நண்பரை அழைத்தேன். வாங்கிய நிறுவனத்தின் பணியாளர் என்பதால் அவருக்குப் புதிய கடிதம் வரவில்லை. அவர் பணியில் சேர்ந்த நாள் 2021. என்னுடையதைத் திருத்தாவிட்டால் அவர் எனக்கு மூத்தவராகிவிடுவார். அதை நான் சொல்லத் தயங்கினேன், அவரே சொன்னார். இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து மின்னஞ்சலின் வாசகத்தை என்னோடு உட்கார்ந்து சரிபார்த்தவரும் அவர்தான்.

வியாழக்கிழமை காலை அனுப்பினேன். எங்கள் அணியில் இன்னும் மூவர் இதே போல அனுப்பியிருக்கிறார்கள்; எல்லோரும் கையெழுத்திட்டுவிட்டார்கள் என்று எச்.ஆர். சொன்னது சரியல்ல என்பது அப்போதுதான் தெரிந்தது. வெள்ளி மாலை பதில் வந்தது. பணித் தொடர்ச்சி குறித்து மும்பைத் தலைமை அலுவலகத்தில் கேட்டிருப்பதாகவும், கெடு இரண்டு வாரம் நீட்டிக்கப்படுவதாகவும் இரண்டே வரி எழுதியிருக்கிறார்கள். விலகல் கடிதத்தைப் பற்றி ஒன்றும் இல்லை.

வழக்கறிஞரின் பதில்

இரண்டு வரியானாலும் அந்த மின்னஞ்சலையும் அச்செடுத்து வையுங்கள். திருத்திய கடிதம் வந்ததும், கையெழுத்திடுமுன் தேதி, பணித் தொடர்ச்சி, ஈட்டுத்தொகைப் பொறுப்பு ஆகிய மூன்று இடங்களையும் எனக்குக் காட்டுங்கள். விலகல் கடிதத்தை மீண்டும் இணைத்திருந்தால் அதை மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டு மற்றதை அனுப்பலாம்.